ஐந்நூறு ரூபாய் ரசீதும் என் தம்பியின் ஒப்புதலும்

மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். என் தம்பியின் வழக்கு விவரம் முன்பு நான் அளித்த இரண்டு மனுக்களிலும் இருக்கிறது. அவற்றுக்குப் பதில் வராததால் இம்முறை ஊரறிய எழுதுகிறேன்.

2022-இல் கோயில் திருவிழாத் தகராறை விலக்கிவிடப் போனவன் மீதும் சேர்த்து, பொது இடத்தில் ஆபாசமாகப் பேசியதாக, அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 294(பி) பிரிவில் வழக்குப் பதிவானது. தங்கள் ஆணைக்குழு இலவசமாக அமர்த்தித் தந்த வழக்கறிஞரிடம் நீதிமன்ற வராந்தாவில் நடந்ததைச் சொன்னான். "அதையெல்லாம் சொன்னால் வாய்தா வாய்தாவாக அலைவாய், ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிடு, பின்னால் எதுவும் வராது" என்பதே அவருடைய அறிவுரை. குற்றம் ஐயமின்றி நிரூபிக்கப்படாததால் சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரையே ஏற்காத காவலர் பணி விதி, குற்றத்தை ஒப்புக்கொண்டவனை எப்படி ஏற்கும் என்று அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

அவர் சொன்னபடியே ஒப்புக்கொண்டு தம்பி அபராதம் கட்டிய அந்த ஐந்நூறு ரூபாய் ரசீதை, வழக்கு முடிந்ததற்கு அத்தாட்சி என்று அம்மா ரேஷன் அட்டையோடு வைத்துக் காத்தார். காவலர் பணிக்கான எழுத்துத் தேர்விலும் உடற்தகுதித் தேர்விலும் தேறிய தம்பி, எதையும் மறைக்கக் கூடாதென்று முன்விவரச் சரிபார்ப்பின்போது அதைத் தன் கையாலேயே கொடுத்தான். அதை வைத்தே அவனை நிராகரித்தார்கள்.

ஒப்புதலை இயன்றவரை குற்றம்சாட்டப்பட்டவரின் சொற்களிலேயே பதிய வேண்டும் என்றது அப்போது நடைமுறையில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 252-ஆம் பிரிவு. நீதிமன்றப் பதிவின் நகலுக்கு மனு போட்டுப் பார்த்தபோது, வழக்கில் சேர்க்கப்பட்ட ஏழு பேருக்கும் எழுத்து மாறாமல் ஒரே வரிதான் இருந்தது. ஏழு பேர் ஒரே குரலில் பேசும் அதிசயம் எங்கள் ஊரில் வேறெங்கும் நடந்ததில்லை. அதே சட்டத்தின் 375-ஆம் பிரிவின்படி, ஒப்புக்கொண்டவன் தண்டனையின் அளவையோ சட்டப்பூர்வத்தையோ எதிர்த்துத்தான் மேல்முறையீடு செய்ய முடியும். அதாவது, ஐந்நூறு ரூபாய் அதிகம் என்று முறையிடலாம். தப்பே செய்யவில்லை என்று முறையிட முடியாது!

உயர் நீதிமன்றத்தை அணுகலாம் என்கிறார்கள். அதற்கான செலவை, இலவச வழக்கறிஞரை நாடி வந்த குடும்பம் எங்கிருந்து புரட்டும்? தவறான அறிவுரையால் தந்த ஒப்புதலைத் திரும்பப் பெற மனுத் தாக்கல் செய்ய, தங்கள் செலவிலேயே வேறொரு வழக்கறிஞரை அமர்த்தித் தாருங்கள் என்பதே என் கோரிக்கை. இலவசம் என்பதால் அறிவுரையும் இவ்வளவுதான் இருக்கும் என்று எங்களைப் போன்றவர்கள் தேற்றிக்கொள்ள வேண்டுமா?

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள். காவலர் தேர்வுக்கான வயது வரம்பை எட்ட அவனுக்கு இன்னும் ஓராண்டே இருக்கிறது. அதற்குள் அந்த ஒப்புதலைத் திரும்பப் பெற வழிசெய்யுமாறு பணிவுடன் மீண்டும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
அவனுடைய அக்கா