ஒத்து நாயனம் போல ஓர் இசை

அம்பாசமுத்திரம்,
ஆனி மாதம்.

அன்புள்ள சுடலைக்கு,

இசக்கி எழுதுவது. உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது; உடனே பதில் எழுதாததற்கு மன்னித்துக்கொள். தாராவியில் மழை பிடித்துக்கொண்டது என்றும் மதினிக்கு முட்டுவலி சற்றுக் குறைந்திருக்கிறது என்றும் படித்து நிம்மதியடைந்தேன். இங்கே சாரல் தொடங்கிவிட்டது. காலையில் மலை தெரிவதில்லை. பாபநாசத்துப் பக்கமிருந்து காற்று ஈரமாக வருகிறது. வைகாசிக் கோயில் கொடைத் திருவிழாக்கள் முடிந்து, மைக் செட் சாமான்களைத் துடைத்துச் சாக்கு போட்டு மூடி வைத்திருக்கிறேன். அடுத்த வேலை ஆடியில்தான்.

"மைக் செட் போடுகிறவனுக்குக் கம்ப்யூட்டர் விளையாட்டில் என்ன வேலை?" என்று கேட்டிருந்தாய். மகள் தன்னோடு படிக்கும் இரண்டு தோழிகளுடன் சேர்ந்து ஒரு சாகச விளையாட்டு செய்துகொண்டிருக்கிறாள். அதில் துப்பாக்கி கிடையாது, துரத்துகிறவன் கிடையாது. ஆறு வற்றிய கோடையில் மணலுக்குள்ளிருந்து வெளியே தெரியும் ஒரு பழைய ஊருக்குள் நடந்து, அடைத்துக் கிடக்கும் வீடுகளைத் திறக்கும் வழியைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த ஊருக்கு ஒலி சேர்த்துத் தருவதுதான் என் வேலை. சும்மா கேட்டுவைத்தாள், நான் நான்கு மாதமாக அதிலேயே கிடக்கிறேன்.

உனக்கு நினைவிருக்கும். 1997-இல் பாளையங்கோட்டையில் நாம் படித்த கம்ப்யூட்டர் சென்டரில், மாலை வகுப்பு முடிந்த பிறகு, உன் சித்தப்பா மகன் கொண்டுவந்த குறுந்தகட்டைப் போட்டு 'மிஸ்ட்' விளையாடினோம். அதிலிருந்த ஆங்கிலக் குறிப்பேடுகளில் பாதிகூட நமக்குப் புரியவில்லை. ஆனாலும் ஆளில்லாத அந்தத் தீவில், மரத்துறையில் அலை மோதுவதையும் மரங்களுக்கு நடுவே காற்று போவதையும் கேட்டபடி மணிக்கணக்காக நடந்தோம். ஒரு நாள் மின்சாரம் போய்த் திரை அணைந்தபோது, "தீவிலிருந்து யாரோ வெளியே தள்ளிவிட்ட மாதிரி இருக்கு" என்று நீ சொன்னாய். இருட்டில் மின்விசிறி சுற்றி ஓய்கிற சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சொல்லை நான் மறக்கவே இல்லை.

அந்த விளையாட்டைப் பற்றி இப்போதுதான் விவரமாகத் தெரிந்துகொண்டேன். 1993-இல் அதை உருவாக்கிய ராண்ட் மில்லர், ராபின் மில்லர் என்ற சகோதரர்கள், இசையே வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்திருந்தார்களாம். இசை வைத்தால் விளையாடுகிறவனின் மனம் அந்த இடத்தை விட்டுப் போய்விடும் என்பது அவர்களுடைய அச்சம். வைத்துப் பார்த்தபோது அது மனத்தைக் கலைக்கவில்லை, இடத்தை இன்னும் ஆழமாக்கியது என்று கண்டு, தம்பி ராபின் தாமே சிந்தசைசரில் இசையமைத்தார். ஒலிகளைச் செய்தவர் கிறிஸ் பிராண்ட்கேம்ப். அவர் கொதிகலனின் நெருப்புச் சத்தத்துக்கு உண்மையான நெருப்பைப் பதிவு செய்து பார்த்திருக்கிறார். அது நெருப்பாகவே கேட்கவில்லை. பிறகு சரளைக் கல்லின் மேல் வண்டியை ஓட்டி அந்த ஒலியை எடுத்திருக்கிறார். மணிக்கூண்டின் மணி என்று நாம் நம்பியது ஒரு ஸ்பேனரைத் தட்டி, சுருதியைத் தாழ்த்தியது. முப்பது ஆண்டுகள் ஒலிபெருக்கியோடு வாழ்ந்தவன் என்ற முறையில், இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

திரைப்படத்துக்கு இசையமைப்பவருக்குக் காட்சி எத்தனை நொடி என்று தெரியும். இங்கே அது தெரியாது. ஒருவன் கதவுக்கு முன்னால் பத்து நொடி நிற்பான். இன்னொருவன் புதிர் விளங்காமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பான். இருவருக்கும் அதே இசை சலிக்காமல் இருக்க வேண்டும். அவன் நகர்ந்ததும் அறுந்து விழாமல் கூடவே போக வேண்டும். நம் பக்கத்துக் கொடையில் நீ பார்க்காததா? சாமக் கொடையில் சாமியாடிக்கு அருள் வரும் நேரத்தை யாரால் சொல்ல முடியும்? மேளக்காரர் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே அதே அடியை நீட்டிக்கொண்டு போவார். உடம்பில் முதல் நடுக்கம் தெரிந்ததும், தாளம் முறியாமல், சரியான இடத்தில் வேகத்தைக் கூட்டுவார். 1991-இல் லூகாஸ் ஆர்ட்ஸ் என்ற விளையாட்டு நிறுவனத்தில் மைக்கேல் லாண்டும் பீட்டர் மெக்கானலும் 'ஐமியூஸ்' என்ற ஏற்பாட்டை 'மங்கி ஐலண்ட் 2' விளையாட்டுக்கென்று செய்தபோது கணினிக்குக் கற்றுக்கொடுத்தது இந்த வேலையைத்தான். அதில் வரும் கப்பல்துறை ஊரில் ஒவ்வொரு வீட்டுக்குள் நுழையும்போதும் மெட்டு வேறு வாத்தியத்துக்கு மாறும்; வெளியே வந்தால் தடங்கலில்லாமல் பழைய மெட்டுக்குத் திரும்பும். மகள் எனக்கு அதை விளையாடிக் காட்டியபோது, நம் மேளக்காரர்கள்தான் என் கண்ணுக்குத் தெரிந்தார்கள்.

இனி நான் செய்த வேலையைச் சொல்கிறேன். பங்குனியில் ஒரு விடியற்காலை நாலரை மணிக்கு, பேருந்துகள் ஓடத் தொடங்கும் முன்னால், ஆற்றங்கரைக் கல் மண்டபத்தில் போய் உட்கார்ந்து, தண்ணீர் படிக்கட்டில் மோதும் ஒலியைப் பதிவு செய்தேன். நல்ல பதிவு. அதில் 47 நொடியை வெட்டி, முடிவும் தொடக்கமும் ஒட்டும்படி இழைத்து, சுற்றிக்கொண்டே இருக்கும் வளையமாக மகளிடம் கொடுத்தேன். மறுநாள் சாயங்காலம் அவள், "அப்பா, உங்க மீன்கொத்தி என்னைப் பாடாப் படுத்துது" என்றாள். பதிவின் நடுவில் ஒரு மீன்கொத்தி ஒரே ஒரு முறை கத்தியிருந்தது. முதல் முறை அது அழகு. அடுத்த சுற்றிலும் அதே நொடியில் அதே கத்தல். நான்காம் சுற்றில் காது அதற்காகக் காத்திருக்கத் தொடங்கிவிடுகிறது. அந்தக் கணத்தில் ஆறு போய்விடுகிறது, ஓடுகிற பதிவு மட்டும்தான் மிஞ்சுகிறது.

மூன்று நாள் அந்தப் பறவையோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் ஆற்றை மட்டும் தனியாகவும், பறவையை வேறொரு காலையில் ஏழெட்டு விதமான கத்தல்களாகத் தனியாகவும் பிடித்துக் கொடுத்தேன். இப்போது எந்தக் கத்தலை, எத்தனை நொடி கழித்து, எந்தப் பக்கத்திலிருந்து ஒலிக்கவிடுவது என்பதை விளையாட்டே குலுக்கிப் போட்டு முடிவு செய்கிறது. சில நேரம் ஐந்து நிமிடம் பறவையே வருவதில்லை. வராதபோதுதான் ஆற்றங்கரை ஆற்றங்கரையாக இருக்கிறது.

இசைக்கும் இதே தந்திரம்தான். பிரையன் ஈனோ என்ற ஆங்கிலேய இசைக்கலைஞர் 1970-களின் கடைசியில் விமான நிலையங்களுக்கென்று ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அதில் ஒரு பகுதியில் வெவ்வேறு நீளமுள்ள நாடா வளையங்கள் ஒன்றோடொன்று சேராமல் தம் போக்கில் சுற்றுகின்றன. நாங்கள் 47 நொடி ஆற்றோடு 61 நொடி நீளமுள்ள ஒரு சுருதியை ஓடவிட்டோம். இரண்டும் ஒரே நேரத்தில் தொடங்கினால், மறுபடி ஒன்றாகத் தொடங்க 2,867 நொடி, அதாவது ஏறக்குறைய 48 நிமிடம் ஆகும். பள்ளிக்கூடத்தில் மீச்சிறு பொது மடங்குக்கு நீ வாங்கிய அடி நினைவுக்கு வருகிறதா? அந்தக் கணக்கு இப்படி ஒரு நாள் என் கைக்கு வரும் என்று அன்றைக்குத் தெரியாது.

அந்தச் சுருதியைப் பற்றித்தான் உனக்கு முக்கியமாக எழுத நினைத்தேன். சிந்தசைசர் ஒலி எனக்கு மனம் ஒப்பவில்லை. பக்கத்து ஊரில், நாயனத்துக்குத் துணையாக ஒரே சுரத்தை விடாமல் பிடிக்கும் ஒத்து நாயனம் ஊதிய பெரியவர் ஒருவர் இருக்கிறார். சுருதிப் பெட்டி வந்த பிறகு அவரை யாரும் கச்சேரிக்குக் கூப்பிடுவதில்லை. போய்க் கேட்டேன். ஊதுகிற நாக்கான சீவாளியை வெகுநேரம் வாயில் வைத்து ஊறப் போட்டார். பிறகு கன்னத்தில் காற்றைத் தேக்கி, மூக்கால் மூச்சை இழுத்துக்கொண்டே, ஒரே சுரத்தை நான்கு நிமிடத்துக்கு மேல் விடாமல் பிடித்தார். வேறொன்றும் இல்லை, ஒரே சுரம். ஆனால் உற்றுக் கேட்டால் அதற்குள் மூச்சு திரும்பும் இடங்கள் மெல்லிய அலையாகத் தெரிகின்றன. பெட்டியில் அந்த அலை இல்லை. "என்னத்தப்பா ஒத்தையாக் கேக்க? நாயனம் இல்லாம இது எதுக்கு?" என்று அவர் வியந்தார். திருவிழாவில் ஒத்துக்காரரை யாரும் கவனிப்பதில்லை. அவர் ஒரு கணம் நிறுத்திவிட்டால் நாயனம் நடுத்தெருவில் நிற்கும். ஈனோ தம் இசைத்தட்டின் உறையில், இவ்வகை இசை எவ்வளவு சுவையாக இருக்கிறதோ அவ்வளவுக்குக் கவனிக்காமல் விடவும் இடம் தர வேண்டும் என்று எழுதினார். ஒத்து ஊதுகிற ஒருவரைத் தெரிந்த யாருக்கும் அது புதுச் செய்தி அல்ல என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்தச் சுரம் மண்டபத்துக்குள் ஒலிப்பதுபோல் இருக்க வேண்டுமென்று, மகள் அங்கே ஒரு பலூனை உடைத்து, அந்தச் சத்தம் கல்லில் பட்டுத் தேய்ந்து மறைவதைப் பதிவு செய்துகொண்டாள். அந்தத் தேய்வைக் கணினியில் வைத்து எந்த ஒலியின் மேல் ஏற்றினாலும், அது அந்தக் கூரைக்குக் கீழே ஒலித்ததாக மாறிவிடுகிறது. நெல்லையப்பர் கோயில் இசைத் தூண்களையும் பதிவு செய்யலாமே என்றாள். ஒரே கல்லில் குடைந்த அந்தத் தூண்களை வந்தவர் போனவரெல்லாம் தட்டியது போதும், நாமும் தட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இன்னொரு செய்தி. என் இடது காது பழுதாகிவிட்டது. குழாய் ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே நின்ற ஆண்டுகளின் பலன். பரிசோதனைத் தாளில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கோடு கிணற்றுக்குள் இறங்குவதுபோல் இறங்குகிறது. இரவும் பகலும் உள்ளே சில்வண்டு கத்துகிறது. உண்மையான சில்வண்டைப் பதிவு செய்தபோது, எது வெளியே கத்துகிறது, எது எனக்குள் கத்துகிறது என்று எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. மகள்தான் கேட்டுச் சொன்னாள். நீ வருந்த வேண்டாம். ஆனால் இந்த இசையின் மேல் எனக்கு இத்தனை பிடிப்பு வந்ததற்கு அதுவும் காரணம். முழு நிசப்தத்தில் அந்த வண்டு பெரிதாகிறது, இரைச்சலில் காது நோகிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இந்த ஒலியில் மட்டும் நான் இளைப்பாற முடிகிறது.

'மைன்கிராஃப்ட்' விளையாட்டுக்கு சி418 என்ற பெயரில் டேனியல் ரோசன்ஃபெல்ட் அமைத்த பியானோ இசையை இரவில் கேட்கிறேன். விளையாட்டுக்குள் அது எப்போதும் ஒலிப்பதில்லை. ஒரு துண்டு முடிந்தால் பல நிமிடம் ஒன்றுமே இல்லாமல் இருந்து, நாம் மண்ணைத் தோண்டிக்கொண்டிருக்கும்போது எங்கிருந்தோ இன்னொன்று தொடங்கும். 2025-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அந்த இசைத்தொகுப்பைப் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் சேர்த்தது.

நீ தொலைவில் இருப்பதால் இதையும் எழுதுகிறேன். 2019-இல் வந்த 'அவுட்டர் வைல்ட்ஸ்' விளையாட்டில் பயணிகள் ஆளுக்கொரு கோளில் தனியாக உட்கார்ந்து, ஒருவர் பான்ஜோ, ஒருவர் புல்லாங்குழல், ஒருவர் மவுத் ஆர்கன் என்று வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். கையிலிருக்கும் கருவியை வானத்தை நோக்கித் திருப்பினால் அந்தந்த வாத்தியம் மெல்லக் கேட்கும். வெகுதூரம் விலகிப் போய், எல்லாக் கோளும் ஒரே நேராக வரும்படி நின்று கேட்டால், அத்தனை பேரும் வாசிப்பது ஒரே பாட்டு என்று தெரியவரும். ஆண்ட்ரூ பிராலோ அமைத்த இசை அது. மகள் அந்த இடத்தைக் காட்டியபோது எனக்குக் கண் கலங்கியது. உனக்கும் எனக்கும் கடைசியாக ஒன்றாக உட்கார்ந்து பேசி ஆறு வருடம் ஆகிறது.

இத்துடன் பதினைந்து நிமிடப் பதிவு ஒன்றை உன் போனுக்கு அனுப்புகிறேன். போன் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்காதே. ஆற்றின் கனமான அடியொலி அதில் வராது. பேரனிடம் ஹெட்போன் வாங்கிக்கொண்டு, வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு கேள். மீன்கொத்தி எத்தனை முறை வந்தது, இரண்டாம் முறை வரும் என்று நீ காத்திருந்தாயா என்பதை மட்டும் மறக்காமல் எழுது. காத்திருந்தாயானால் நான் இன்னும் சரியாகச் செய்யவில்லை என்று பொருள்.

மதினிக்கு என் வணக்கம். ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் வருவதானால் முன்கூட்டியே சொல். பெரியவரையும் உனக்குக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
இசக்கி