குரலை முடுக்காதீர்கள், காட்சியை நீட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மொழிமாற்றம் செய்யப்பட்டு வரும் மருத்துவ விழிப்புணர்வுப் படங்களில் தமிழ்க் குரல் மூச்சுவிடாமல் ஓடுகிறது என்று வாசகர் ஒருவர் தங்கள் நாளிதழில் எழுதியிருந்தார். குறை உண்மைதான், ஆனால் பழியைக் குரல் கொடுத்தவர்மேல் போட்டது நியாயமன்று. மும்பை அந்தேரியில் இத்தகைய படங்களைத் தொகுத்துப் பிழைப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: கோளாறு எடிட்டிங் மேசையில் இருக்கிறது.

இந்தியில் முடித்த படத்தின் நீளத்தைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் வேலை பெரும்பாலும் எங்களிடம் வருகிறது. தமிழ்க் குரல் நீண்டுவிட்டால், சுருதி மாறாமல் வேகத்தைக் கூட்டும் வசதி மென்பொருளில் இருக்கும் துணிச்சலில் அதை முடுக்கிவிடுகிறார்கள். அப்போதும் மிஞ்சுவது அடுத்த காட்சிமேல் போய் விழுகிறது. வயிற்றுப்போக்குக்கு வீட்டிலேயே கரைசல் தயாரிப்பதைக் காட்டும் படம் ஒன்று தாராவியில் திரையிடுவதற்காக வந்தது. ஒரு லிட்டர் சுத்தமான நீருக்குத் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு என்பது அளவு. அந்தப் படத்திலோ, குரல் "ஆறு தேக்கரண்டி" என்று சொல்லும் நேரத்தில் திரையில் கரண்டி உப்பு டப்பாவுக்குள் இருந்தது. உப்பு மிகுந்தால் குழந்தைக்கு ஆபத்து என்பதால் இதை வெறும் அழகுக் குறை என்று தள்ளிவிட முடியாது.

காட்சியை நீட்டுவது ஒன்றும் மாயவித்தையன்று. பிரீமியர் புரோ என்ற எடிட்டிங் மென்பொருளில் 'ரேட் ஸ்ட்ரெட்ச்' கருவியால் கிளிப்பின், அதாவது காட்சித் துண்டின், ஓரத்தைப் பிடித்து, குரல் முடியும் இடம்வரை இழுத்தால் போதும். டாவின்சி ரிசால்வ் என்ற இன்னொரு மென்பொருளிலும் இதற்கு 'ரீடைம்' வசதி உண்டு. ஆனால் 8 நொடிக் காட்சியை 10 நொடியாக்கினால் வேகம் 80 விழுக்காடாகிறது. நொடிக்கு 25 ஃபிரேம் (தனித்தனி நிலைப்படம்) கணக்கில் கையில் இருப்பவை 200, வேண்டியவை 250. குறையும் ஐம்பதை இருக்கும் ஃபிரேமையே இரட்டித்து நிரப்பினால் கேமரா நகரும் இடங்களில் காட்சி வெட்டி வெட்டிப் போகும். அடுத்தடுத்த இரண்டைக் கலந்து நிரப்பினால் ஓர் உருவத்தின்மேல் இன்னொன்று நிழல்போல் படியும். 'ஆப்டிகல் ஃப்ளோ' என்ற முறை அசைவைக் கணித்து உருவாக்கும் ஃபிரேம்கள் பெரும்பாலும் நன்றாக இருந்தாலும், ஊற்றும் நீரிலும் விரல் ஓரங்களிலும் காட்சி உருகி வழியும். ஆகவே முழுக் கிளிப்பையும் ஒரே அளவில் இழுக்காமல், செயல் மாறும் இடங்களில் வெட்டி, அசைவு குறைந்த துண்டுகளை மட்டும் நீட்டுவதே நல்லது. சர்க்கரைக் கரண்டியைத் தலைதட்டிய நொடியில் காட்சியைச் சற்று நிறுத்தி வைத்தால் எவரும் குறை சொல்லப்போவதில்லை. மனிதர் நடப்பதை மெதுவாக்கினாலோ உடனே தெரிந்துவிடும். முகம் பார்த்துப் பேசும் காட்சிகளில் இந்த வேலையே கூடாது, அங்கே வசனத்தைத்தான் சுருக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் செய்ய எங்களுக்கு மூலக் கிளிப்புகள் தனித்தனியாக வேண்டும். எழுத்துகளும் இசையும் கலந்து ஒட்டிய ஒரே கோப்பைத் தந்தால், காட்சியை இழுக்கும்போது அவையும் சேர்ந்து இழுபடும். படப்பிடிப்பையே நொடிக்கு 50 ஃபிரேமில் எடுத்தால், 25 ஃபிரேம் படத்தில் வேகத்தைப் பாதியாக்கினாலும் புதிய ஃபிரேம் ஒன்றுகூடத் தேவைப்படாது. படங்களைத் தயாரிக்கச் சொல்லும் துறைகளும் தொண்டு அமைப்புகளும் இவ்விரண்டையும் ஒப்பந்தத்திலேயே எழுதிக் கேட்க வேண்டும். மொழிமாற்றப் படத்தின் நீளம் மூலத்தைவிடக் கூடலாம் என்ற ஒரு வரியையும் சேர்த்துவிட்டால், குரல் கொடுப்பவர் நிதானமாகப் பேசுவார்.

இப்படிக்கு,
படத்தொகுப்பாளர் ஒருவர்,
செம்பூர், மும்பை