பனித்தளத்தில் உதவிய பெரியவருக்கு நன்றி

2017 ஆம் ஆண்டு கோலாலம்பூர் சீ (தென்கிழக்காசிய) விளையாட்டுப் போட்டியில் பனித்தளச் சறுக்காட்டம் முதன்முறையாக இடம்பெற்று, மலேசிய வீரர் ஜூலியன் யீ தங்கம் வென்ற நாளிலிருந்து, வெயில் ஓயாத இந்த ஊரில் விடியற்காலையிலேயே கம்பளிச் சட்டையோடு பயிற்சிக்குச் செல்பவள் என் மகள். சென்ற சனிக்கிழமை, தன் வயதுப் பிரிவின் பட்டத்தைத் தக்கவைக்க வேண்டிய போட்டிக்குச் சற்று முன்பு, அவளுடைய சறுக்குக் காலணியின் அடியிலுள்ள கத்தி மழுங்கிப் பக்கவாட்டில் வழுக்கத் தொடங்கியது. அக்கத்தியின் அடிப்புறம் தட்டையானதன்று. நடுவில் மெல்லிய பள்ளமும் இருபுறமும் கூரிய விளிம்புகளும் உண்டு, அவ்விரண்டும் ஒரே உயரத்தில் தீட்டப்படாவிட்டால் குதித்து இறங்கும் கால் நிலைகொள்ளாது. இதை நன்கறிந்த ஒரு பெரியவர், தம் கைக்கருவியால் பொறுமையாகத் தீட்டிக் கொடுத்து, “பார்த்து ஆடும்மா” என்று மட்டும் சொல்லி, காசு வாங்காமல் கூட்டத்தில் மறைந்துவிட்டார். அவள் விழாமல் ஆடி முடித்தாள். பதக்கத்தைவிட எனக்கு அதுவே பெரிது. ஐயா, உங்கள் பெயரைக் கேட்காமல் விட்டுவிட்டேன். எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றியை ஏற்றுக்கொள்ளுங்கள்.