தண்ணீர் கிளம்புகிற இடத்துக்குப் போய் வா, தாயி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். பிள்ளைகளைத் தேக்கடிக்குக் கூட்டிப் போகப்போவதாக நேற்று சொன்னாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்றுதான் எழுதுகிறேன். மாப்பிள்ளையும் படிக்கட்டும்.

முதலில் தேதி. நீ சொன்ன மே 20 வேண்டாம். 31ஆம் தேதி மேலே ஏறி, ஜூன் 2ஆம் தேதி இறங்குகிற மாதிரி வைத்துக்கொள். முல்லைப் பெரியாறு அணையில் தண்ணீர் இருந்தால் ஜூன் 1ஆம் தேதி கம்பம் பள்ளத்தாக்கின் முதல் போகத்துக்குத் திறப்பது வழக்கம். போகும்போது மலையடிவாரத்தில் இருக்கிற லோயர் கேம்ப்பில் பவர்ஹவுஸுக்குக் கீழே வண்டியை நிறுத்திப் பிள்ளைகளுக்கு ஆற்றைக் காட்டு. குடிதண்ணீருக்கு விடுவதுதான் ஓடும், பாறையெல்லாம் வெளியே தெரியும். இறங்கும்போது அதே இடத்தில் மறுபடியும் நிறுத்து. நீ எதுவும் விளக்க வேண்டியதில்லை. கரையில் நின்று பார்த்தால் போதும், இறங்க விடாதே. திறப்பைக் கூட்டினால் தண்ணீர் சடாரென்று ஏறிவிடும்.

மதுரையில் இருந்து தேக்கடியை ஒட்டிய குமுளி 135 கிலோமீட்டர் சொச்சம். விடியக்காலையில் கிளம்பினால் ஆண்டிபட்டிக் கணவாயை வெயிலுக்கு முன்னால் தாண்டிவிடலாம். சின்னமனூர் தாண்டினால் திராட்சைப் பந்தல் ஆரம்பிக்கும். ஒரு தோட்டத்தில் இறங்கிப் பன்னீர் திராட்சை வாங்கு. சின்னவள் பந்தலுக்கு அடியில் நின்று மேலே பார்க்கட்டும், அவள் உயரத்துக்குக் குலைகள் தலைக்கு மேலேயே தொங்கும்.

லோயர் கேம்ப்பில் பென்னிகுயிக் மணிமண்டபம் இருக்கிறது. வெறுமனே போட்டோ எடுத்துவிட்டு வந்துவிடாதே. உன் தாத்தாவுக்கு அவர் தாத்தா சொன்ன தாது வருஷப் பஞ்சத்தைப் பேரனிடம் சொல். 1876இல் தொடங்கியது அது. நம் பக்கம் மழை இல்லாமல் ஜனம் செத்துக்கொண்டிருந்தபோது, மலைக்கு அந்தப் பக்கம் பெரியாறு மேற்கே ஓடி அரபிக்கடலில் விழுந்துகொண்டிருந்தது. அந்த ஆற்றைக் காட்டுக்குள் மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியதுதான் பென்னிகுயிக் செய்த வேலை. 1887இல் ஆரம்பித்து 1895இல் முடித்தார்கள். நடுவில் வெள்ளம் வந்து கட்டியதை அடித்துக்கொண்டு போனது, காய்ச்சலில் எத்தனையோ கூலி ஜனம் அங்கேயே மண்ணுக்குள் போனது. மண்டபத்தில் சிலை அவருக்கு மட்டும்தான். அந்தக் கூலிக்காரர்களையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடு. அங்கிருந்து மலைப்பாதை ஏறும்போது சரிவில் பெரிய பெரிய ராட்சசக் குழாய்கள் இறங்கி வருவது தெரியும். நம் தண்ணீர்தான்.

தேக்கடியில் படகுக்கு முன்னாலேயே பதிவு செய்துவிடு. காலை ஏழரைக்குக் கிளம்பும் முதல் படகையே எடு, மற்றதெல்லாம் அதற்கு அடுத்ததுதான். அந்த நேரத்தில் ஏரிமேல் பனி கிடக்கும். மேயவும் குடிக்கவும் மிளா மானும் காட்டுமாடும் யானையும் கரைக்கு வரும். லைஃப் ஜாக்கெட் கட்டாயம். வேர்க்கிறது என்று சின்னவள் கழற்றப் பார்ப்பாள், விடாதே.

தண்ணீருக்குள் கறுத்துப்போன மரக்கட்டைகள் நிற்பதைப் பார்ப்பாய். கோடையில் ஏரி இறங்கியிருப்பதால் நன்றாக வெளியே நிற்கும். 1895இல் அணை கட்டித் தண்ணீர் ஏறியபோது மூழ்கிச் செத்த காடு அது. இன்னும் விழாமல் நிற்கிறது. ஒவ்வொரு கட்டையின் உச்சியிலும் நீர்க்காகம் இறக்கையை விரித்து உலர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சிலதில் கூடும் கட்டியிருக்கும். நீ கைக்குழந்தையாக இருந்தபோது நானும் அம்மாவும் போனோம். மற்றவர்கள் கரையில் யானை தேடிக்கொண்டிருந்தார்கள், நான் அந்தக் கட்டைகளையே பார்த்துக்கொண்டு வந்தேன். நம் வயலில் நெல் நிற்பதற்காக இவை நின்றது நின்றபடியே செத்திருக்கின்றன என்று தோன்றியது. அன்றைக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை எனக்கு.

அந்தப் படகிலேயே ஒரு கூட்டம் குட்டியோடு நின்ற யானையைப் பார்த்துக் கைதட்டி விசில் அடித்தது. தாய் குட்டியைக் காலுக்கிடையில் இழுத்துக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் மேடேறிப் போய்விட்டது. அதனால் சொல்கிறேன், படகில் பிள்ளைகள் வாயைத் திறக்கக் கூடாது. விரலை நீட்டிக் காட்டினால் போதும்.

இரண்டாம் நாள் காலையில் மாப்பிள்ளையும் பெரியவனும் வனத்துறைக்காரர்களோடு காட்டுக்குள் நடந்துவிட்டு வரட்டும். சின்னவளோடு நீ அறையில் இரு. கூட வருகிற வழிகாட்டிகளில் பலர் மன்னான், பளியர் பழங்குடி இனத்தார். ஒரு காலத்தில் திருட்டுத்தனமாக வயணாப்பட்டை என்கிற காட்டு இலவங்கப்பட்டையை வெட்டிக்கொண்டிருந்தவர்களும் அந்த வழிகாட்டிகளில் இருக்கிறார்கள். 1990களுக்குப் பிறகு அவர்களையே காட்டுக்குக் காவலாகவும் வழிகாட்டியாகவும் ஆக்கினார்கள். அவர்களுக்குத் தெரிந்த காடு வேறு யாருக்கும் தெரியாது. நாம் இலை என்று பார்ப்பதை அவர்கள் மிளா கடித்த இலை என்று பார்ப்பார்கள். மன்னான்களுக்கு இன்றைக்கும் ராஜா உண்டு. தங்கள் முன்னோர் மதுரைப் பாண்டியனோடு மலையேறி வந்தவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. நாம் மதுரைக்காரர்கள் என்று பெரியவனைச் சொல்லச் சொல். மழை விழுந்திருந்தால் அட்டை இருக்கும், அதற்கென்று முழங்கால் வரை துணிக்காலுறை தருவார்கள். கடித்தால் பிடுங்கி இழுக்கக் கூடாது, உப்பு வைத்தால் தானாக விழும்.

யானைச் சவாரி வேண்டாம். காலையில் காட்டில் பார்த்ததைச் சாயங்காலம் சங்கிலியோடு பிள்ளைகள் பார்க்க வேண்டாம். அம்மாவுக்கு ஏலக்காய் கால் கிலோ, 8 எம்.எம். காயாகப் பார்த்து வாங்கு. கண்ணைப் பறிக்கிற பச்சையாக இருந்தால் சாயம், தொடாதே. அணையைப் பார்க்க முடியுமா என்று கேட்டாய். அங்கே நம்மை விடமாட்டார்கள். அதற்காக யாரிடமும் காசு கொடுத்து ஏமாறாதே.

நான் பேப்பரை எடுத்ததும் முதலில் அணை நீர்மட்டம் பார்ப்பதை நீ சின்ன வயதில் இருந்தே பார்த்திருக்கிறாய். பெரியாறு அணை நிரம்பியது என்றால் அன்றைக்கு வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். கால்வாயில் நமக்கு மேலே இருக்கிற கள்ளந்திரி வரைக்கும் இருபோகம். மேலூர்ப் பக்கம் நமக்கு ஒருபோகம்தான், அதுவும் அணையில் இருந்தால்தான். அங்கே கிளம்பும் தண்ணீர் வைரவனாறு, சுருளியாறு என்று வந்து வைகையில் சேர்ந்து, வைகை அணையில் தங்கி, அதற்குக் கீழே பேரணை என்கிற தடுப்பணையில் கால்வாய்க்குள் திரும்பி, மேலூர் வந்துசேர செப்டம்பர் ஆகிவிடும். முதல் தண்ணீர் நுரையும் சருகுமாகக் கால்வாயின் வெடிப்புகளுக்குள் இறங்கி, நிரம்பி, அப்புறம் மெதுவாக நகரும். நீ அதற்கு முன்னால் ஓடி ஓடி, வந்துருச்சு வந்துருச்சு என்று கத்துவாய்.

அந்த நேரம் நீங்கள் புனேயில் இருப்பீர்கள், பள்ளிக்கூடம் இருக்கும். நான் மடையில் நின்று போனில் வீடியோ போட்டுக் காட்டுகிறேன். பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தாலும் எழுப்பிவிடு.

அன்புடன்,
அப்பா