ராபர்ட்டின் தகப்பன் யார்? மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தேன்மொழிக்கு,

அப்பா எழுதுகிறேன். மாப்பிள்ளை வீட்டு வம்சாவளி என்று நீ அனுப்பிய தாளைப் பார்த்தேன். சம்பந்தியில் தொடங்கி 1841 வரை மேலே ஏறும் பகுதி உறுதியாக இருக்கிறது. ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு பிறப்புச் சான்றிதழோ திருமணச் சான்றிதழோ வைத்திருக்கிறாய். அதற்கு மேல் ஒற்றைக் கோடு விறுவிறுவென்று 1600 வரை போய்விடுகிறது. அந்தக் கோட்டின் முதல் கண்ணியே ஆடுகிறது.

1841ல் இங்கிலாந்தின் நார்ஃபோக் கிராமத்தில் பண்ணைக் கூலியாக இருந்த ராபர்ட்டும், 1803ல் பக்கத்துப் பாரிஷில் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதி) ஞானஸ்நானம் பெற்ற ராபர்ட்டும் ஒரே ஆள் என்பதற்கு அந்தத் தாளில் சான்று எதுவும் இல்லை. பெயர் ஒன்று, வயது ஒத்துவருகிறது, இணையத்தில் பல வம்ச மரங்களில் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள் என்கிறாய். அந்த மரங்கள் ஒவ்வொன்றிலும் ஆதாரம் என்ற பகுதியைத் திறந்து பார். அங்கே இன்னொரு மரம்தான் இருக்கும். ஒருவர் போட்டதைப் பத்துப் பேர் எடுத்து ஒட்டினால் சாட்சி பத்தாகிவிடாது.

முதலில், 1841 கணக்கெடுப்பில் ராபர்ட்டுக்கு எழுதியிருக்கும் அந்த 35 வயது. 1841 ஜூன் 6 இரவுக்கான கணக்கெடுப்பில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 35 என்றால் 35 முதல் 39 வரை எதுவாகவும் இருக்கலாம். ஆகவே ராபர்ட் 1801 ஜூனுக்கும் 1806 ஜூனுக்கும் இடையில் பிறந்தவர். அதுவும் அவர் சொன்ன வயது சரியாக இருந்தால். எல்லாக் கணக்கெடுப்பாளர்களும் இந்த விதியைப் பின்பற்றவில்லை. அதே பக்கத்தில் 37, 42 என்று பெரியவர்களின் வயது வருகிறதா என்று பார். வந்தால் அந்த மனிதர் குறைத்து எழுதவில்லை என்று பொருள். 1841ல் குடும்பத் தலைவருக்கு யார் என்ன உறவு என்ற பத்தியும் கிடையாது. பிறந்த ஊர் கேட்ட இடத்தில் இதே மாவட்டமா, ஆமா இல்லையா என்பது மட்டும்தான். ராபர்ட் 1851 மார்ச் 30க்குள் இறந்துவிட்டதால் பிறந்த பாரிஷைச் சொல்லும் அடுத்த கணக்கெடுப்பில் அவர் இல்லை. உங்கள் சிக்கலின் வேர் இதுதான்.

இனி மேலே ஏறாதே. ராபர்ட்டைச் சுற்றிலும் உள்ளவர்களைப் பிடி. அவருடைய விதவை 1851ல் இருக்கிறாரே, அவர் பிறந்த ஊர் அங்கே எழுதியிருக்கும். அரசுப் பதிவு தொடங்கிய 1837 ஜூலை 1க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளைப் பொதுப் பதிவு அலுவலகத்தின் புதிய இணைய அட்டவணையில் தேடு. அதில் தாயின் கன்னிப் பெயரும் உண்டு. பழைய அச்சு அட்டவணையில் அது 1911க்குப் பிறகுதான் வரும் என்பதால் அதில் தேடி நேரத்தை வீணாக்காதே. பிறப்பைப் பதிய 42 நாள் அவகாசம் இருந்தது. அட்டவணையில் எந்தக் காலாண்டில் வரும் என்பது பதிந்த தேதியைப் பொறுத்தது. டிசம்பரில் பிறந்த குழந்தை மார்ச் காலாண்டில் இருக்கலாம். அங்கே பெயர் இல்லாவிட்டாலும் கலங்காதே. 1875க்கு முன் பதியாமல் விட்டதற்குத் தண்டனை இல்லாததால் விடுபட்டவை நிறைய.

கன்னிப் பெயர் கையில் வந்ததும் திருமணத்தைத் தேடு. மணமகள் ஊரில்தான் பெரும்பாலும் நடந்திருக்கும். 1837க்கு முந்தைய திருமணப் பதிவில் தகப்பன் பெயர் இருக்காது. ‘இந்தப் பாரிஷைச் சேர்ந்தவர்’ என்று இருந்தால் அப்போது அங்கே குடியிருந்தார் என்பதுதான் பொருள்; அங்கே பிறந்தார் என்று எடுத்துக்கொண்டு ஏமாந்தவர்கள் ஏராளம். ஓலை (தேவாலயத்தில் படிக்கும் திருமண அறிவிப்பு) வாசித்தா, லைசென்ஸ் எடுத்தா என்று பார். லைசென்ஸ் என்றால் உறுதிமொழிப் பத்திரம் மறைமாவட்ட ஆவணங்களில் கிடைக்கலாம். அதில் கையெழுத்து, வயது எல்லாம் இருக்கும். ஓலை என்றால் இருவருடைய பாரிஷிலும் வாசித்திருக்க வேண்டும். மணமகன் வேறு ஊர்க்காரர் என்றால் அந்த ஊர் ஓலைப் பதிவேட்டிலும் பெயர் இருக்க வேண்டும். சாட்சிகளையும் குறித்துக்கொள். ஆனால் அதே சாட்சி முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் வந்தால் அவர் பெரும்பாலும் கோயில் எழுத்தர். உறவுக்காரர் என்று நினைத்துத் துரத்தாதே.

இதற்குப் பிறகுதான் 1803ஐத் தொட வேண்டும், அதுவும் அந்த ஒருவரை மட்டும் தொடக் கூடாது. திருமணம் நடந்த ஊரைச் சுற்றிப் பத்து மைலுக்கு வட்டம் போட்டு, அதில் விழும் பாரிஷ்கள் ஒவ்வொன்றிலும் 1800 முதல் 1807 வரை ஞானஸ்நானம் பெற்ற அதே பெயர்க்காரர்கள் அத்தனை பேரையும் எழுது. நார்ஃபோக்கில் நிற்கும் இடைக்காலத் தேவாலயங்களே 600க்கு மேல் என்பதால் பட்டியல் நீளும். தேடுதளத்தில் ஒருவர்தான் கிடைத்தார் என்று நிம்மதி அடையாதே. அந்தத் தளத்தில் எந்தப் பாரிஷின் எந்த வருடங்கள் ஏறியிருக்கின்றன என்ற பட்டியலைத் தேடிப் படி. பக்கத்துப் பாரிஷின் 1798 முதல் 1812 வரை ஏறவே இல்லை என்றால், கிடைத்த அந்த ஒருவர் ஏறிய பதிவேடுகளில் மட்டும்தான் ஒருவர். இடைவெளி இருக்கும் இடத்துக்கு மறைமாவட்டத்துக்கு அனுப்பிய பிரதிகள் நாரிச் நகரில் உள்ள நார்ஃபோக் ஆவணக் காப்பகத்தில் இருக்கலாம். பதிவேட்டில் விட்டுப்போனது பிரதியில் இருப்பதும் உண்டு. பெயரில் எழுத்து மாறும். எழுதப் படிக்கத் தெரியாதவர் சொன்னதைப் பாதிரியார் காதில் விழுந்தபடி எழுதினார். ‘ஹ’ விழுந்து ‘ஆரிசன்’ ஆன ‘ஹாரிசன்’கள் எத்தனையோ.

பட்டியல் வந்த பிறகு செய்வது ஒவ்வொருவரையும் தள்ளும் வேலை. பொருந்துகிறவரைத் தேடினால் பொருந்துகிறவர் கிடைக்கத்தான் செய்வார். பொருந்தாதவர்களைக் கழித்த பிறகு நிற்பவரிடம்தான் பலம் இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு குழந்தைக்கும் அந்தப் பாரிஷின் அடக்கப் பதிவேட்டை வரிவரியாகப் படி. 1813க்கு முன் அடக்கப் பதிவில் வயது பெரும்பாலும் இருக்காது. ‘இன்னாரின் மகன்’ என்று இருந்தால் குழந்தை என்று கொள்ளலாம். அதே பெற்றோருக்கு ஐந்து வருடம் கழித்து இன்னொரு ராபர்ட் ஞானஸ்நானம் பெற்றிருந்தால் முதல் ராபர்ட் பெரும்பாலும் இறந்திருப்பான், அடக்கம் கிடைக்காவிட்டாலும். நீ ஒட்டிய 1803 ராபர்ட்டுக்கு இந்தச் சோதனையை யாரும் செய்ததாகத் தெரியவில்லை. மூன்று மாதத்தில் போன குழந்தையைப் பத்துப் பிள்ளைக்குத் தகப்பனாக்கிய மரங்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன.

பிழைத்து வளர்ந்தவர்களை 1841, 1851 இரண்டிலும் தேடு. உங்கள் ராபர்ட் 1851க்குள் இறந்தவர். 1851ல் உயிரோடு, சொந்தப் பாரிஷைப் பிறந்த ஊராகச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் போட்டியாளர் யாராயிருந்தாலும் கழிந்துவிடுவார். இப்படியே பாதிப் பட்டியல் குறைந்துவிடும். எங்கும் தென்படாமல் ஒருவர் காணாமல் போனால், உங்கள் ஆள் அவர்தான் என்று முடிவுகட்டாதே. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சேர்ந்து நம் பக்கம் வந்து இறந்திருக்கலாம். சென்னை மாகாணத்தின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கப் பதிவுகளின் பிரதிகள் பிரிட்டிஷ் நூலகத்தில் என்/2 என்ற வரிசையில் இருக்கின்றன. அதில் ஒருமுறை பார்த்துவிடு.

ராபர்ட்டின் இறப்புச் சான்றிதழை அவசியம் வாங்கு. பெற்றோர் பெயரோ பிறந்த ஊரோ அதில் வராது. ஆனால் ஐந்தின் மடங்காகக் குறைக்காத வயது வரும், தகவல் சொன்னவர் பெயர் வரும். மனைவி சொன்ன வயதென்றால் ஒன்றிரண்டு வருடம் முன்பின் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதென்றால் இன்னும் கூடலாம். புதிய அட்டவணையில் ஒரு பொறி உண்டு. சில இடங்களில் மாதக் கணக்கு வயது வருடமாக ஏறியிருக்கிறது. 5 மாதக் குழந்தை 5 வயதாகத் தெரியும். கழிக்கும் வேலையில் இதை நம்பி யாரையும் தள்ளாமல் அடக்கப் பதிவேட்டோடு ஒத்துப் பார்.

இப்போது நான் அதிகம் நம்பும் இடம். வறியோர் சட்ட ஆவணங்கள். 1662 சட்டத்திலிருந்தே ஒவ்வொருவருக்கும், இவர் கஷ்டப்பட்டால் எந்தப் பாரிஷ் சோறு போட வேண்டும் என்று ஒரு பாரிஷ் உண்டு. அதை செட்டில்மென்ட் என்பார்கள். மனைவிக்குக் கணவனுடையது, பிள்ளைக்கு, தானாக ஒன்றைச் சம்பாதிக்காத வரை, தகப்பனுடையது. ராபர்ட் 1840களில் இறந்து கைக்குழந்தைகளோடு ஒரு விதவையை விட்டுப் போயிருக்கிறார். அவர் உதவி கேட்டிருந்தால் அதிகாரிகள் முதலில் தேடியிருப்பது செத்துப்போன கணவனின் செட்டில்மென்ட் எங்கே என்பதைத்தான். அதற்கு எடுத்த வாக்குமூலத்தில் ராபர்ட் எங்கே பிறந்தார், எந்தப் பண்ணையில் முழு வருடம் வேலைக்கு அமர்ந்தார், அவருடைய தகப்பன் எந்தப் பாரிஷ் என்பது வரைக்கும் வந்திருக்கலாம். தகப்பனே உயிரோடு இருந்து வாக்குமூலம் கொடுத்த கோப்புகளும் உண்டு.

1846ல் சட்டம் மாறியது. ஐந்து வருடம் தொடர்ந்து குடியிருந்தவரை வெளியேற்றக் கூடாது, கணவன் இறந்து 12 மாதம் விதவையைத் தொடக் கூடாது என்று வந்தது. அதனால் அவர் இறந்தது 1846க்கு முன்னா பின்னா என்பதைப் பொறுத்து வாக்குமூலம் கிடைக்கும் வாய்ப்பு மாறும். பாரிஷ் ஆவணங்களை வைத்திருந்த பெட்டியில் இல்லாவிட்டால் விட்டுவிடாதே. இரண்டு பாரிஷ்கள் யார் தலையில் கட்டுவது என்று சண்டை போட்டிருந்தால் அது காலாண்டு நீதிமன்றப் பதிவுகளில் இருக்கும். விதவைக்குக் கிடைக்காவிட்டால் ராபர்ட்டின் தம்பிக்கோ அண்ணனுக்கோ தேடு, தகப்பன் ஒருவர்தானே. இவற்றில் பல இன்னும் இணையத்துக்கு வரவில்லை. காப்பகத்துக்கு நேரில் போகத்தான் வேண்டும். போகும் முன் அட்டவணை எண்களை எழுதிக்கொண்டு போ.

1803 பதிவையும் படமாகப் பார். தட்டச்சு செய்த சுருக்கத்தை நம்பாதே. நார்ஃபோக்கில் 1813க்கு முந்தைய பதிவேடுகள் பலவற்றில் தாயின் கன்னிப் பெயரையும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். 1813ல் வந்த அச்சுப் படிவத்தில் அதற்கு இடமில்லாமல் போயிற்று. அது இருந்தால், அதே பெயருள்ள இரண்டு ஜான்களின் பிள்ளைகளைப் பிரிக்கச் சுலபம். ஓரத்தில் பிறந்த தேதி இருக்கலாம். மூன்று பிள்ளைகளுக்கு ஒரே நாளில் ஞானஸ்நானம் கொடுத்திருக்கலாம். ஞானஸ்நான வருடமே பிறந்த வருடம் என்று போட்டிருந்தால் அங்கேயே சறுக்கியிருப்பாய். ஞானஸ்நானமே எங்கும் இல்லையென்றால் மெதடிஸ்ட், பாப்டிஸ்ட் சபையாராக இருக்கலாம். அந்தச் சபைகள் 1837க்குப் பிறகு ஒப்படைத்த பதிவேடுகள் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஆர்.ஜி. 4 என்ற வரிசையில் இருக்கின்றன. திருமணம் ஆகாத தாய்க்குப் பிறந்தவராகவும் இருக்கலாம். அப்படியானால் தாயின் குடும்பப் பெயரில் தேடு, பிறகு அவர் மணந்தவரின் பெயரிலும் தேடு. வீட்டாரிடம் இதைப் பக்குவமாகச் சொல், சம்பந்தியம்மா சங்கடப்படலாம்.

கூலிக்காரர் உயில் எழுதியிருக்க மாட்டார் என்று அந்தப் பக்கத்தை மூடிவிடாதே. பிள்ளையில்லாத மாமனோ பெரியப்பாவோ எழுதிய உயிலில் ‘இன்ன பாரிஷில் இருக்கும் என் உடன்பிறந்தார் மகன் ராபர்ட்’ என்று ஒரு வரி வந்தால் ஆட்டம் முடிந்தது. 1858 ஜனவரி 12க்கு முன் உயில்கள் தேவாலய நீதிமன்றங்களில் நிரூபிக்கப்பட்டன. இங்கே ஆர்ச்டீக்கன் (ஆயருக்கு அடுத்த நிலைக் குரு) நீதிமன்றங்கள், நாரிச் ஆயர் நீதிமன்றம், கேன்டர்பரி பேராயர் நீதிமன்றம் மூன்றிலும் தேட வேண்டும்.

டி.என்.ஏ. சோதனை எடுக்கலாமா என்று மாப்பிள்ளை கேட்டாராம். ராபர்ட் அவருக்கு ஆறு தலைமுறை மேலே. ராபர்ட்டின் உடன்பிறந்தார் வழியில் வந்தவர்கள் மாப்பிள்ளைக்கு அவ்வளவு தூரத்து ஒன்றுவிட்ட சொந்தம். நான்காம் நிலை ஒன்றுவிட்ட சொந்தத்திலேயே ஏறக்குறைய பாதிப் பேரிடம் பொதுவான டி.என்.ஏ. எதுவும் தென்படாது. எடுப்பதென்றால் வீட்டில் மூத்தவர், சம்பந்தியோ அவருடைய அத்தையோ எடுக்கட்டும். பொருத்தம் வராததை வைத்து எதையும் மறுக்க முடியாது என்பதையும் சொல்லிவிடு.

இப்போதைக்கு 1803 பெற்றோரை மரத்திலிருந்து கழற்றித் தனியாக வை. கோப்பில் ‘சாத்தியம், நிரூபிக்கவில்லை’ என்று எழுது. இறப்புச் சான்றிதழும் 1841, 1851 பக்கங்களின் படமும் முதலில் வரட்டும். பிறகு போட்டியாளர் பட்டியலை ஒரு தாளில் போட்டு அனுப்பு: பெயர், பாரிஷ், ஞானஸ்நானத் தேதி, பெற்றோர், எப்படிக் கழிந்தார். கழியாதவர்களுக்கு எதிரே இடம் வெறுமையாகவே இருக்கட்டும். இரண்டு பேருக்கு மேல் மிஞ்சினால் காப்பகத்துக்குப் போகும் தேதியைச் சொல், எந்தப் பாரிஷ் பெட்டியை முதலில் கேட்பது என்று நான் வரிசை போட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
அப்பா