பாத்திரத்தில் வெட்டிய பெயர்

சென்ட் ஆஸ்டெல், கார்ன்வால், இங்கிலாந்து
பிப்ரவரி 9

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். சென்ற ஞாயிற்றுக்கிழமை போனில், "இருட்டியபின் அங்கே தனியாக என்னதான் செய்கிறாய்?" என்று கேட்டீர்கள். ஒரு நாவல் படிக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. வீட்டில் எல்லாரும் மாறி மாறிப் பேசக் காத்திருக்கும்போது போனில் சொல்லி முடிகிற விஷயம் அல்ல அது. அதனால்தான் நெடுநாளுக்குப் பிறகு பேனாவை எடுத்திருக்கிறேன்.

முதலில் உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். நான் கல்லூரியில் படித்த காலத்தில், சமையலை முடித்துவிட்டு மத்தியானத்தில் மாத நாவலும் கையுமாக நீங்கள் திண்ணையில் உட்காரும்போதெல்லாம் முகம் சுளித்திருக்கிறேன். வாரப் பத்திரிகைகளில் வந்த மர்மத் தொடர்களைத் தாள் தாளாகப் பிரித்து, வரிசைப்படுத்தி, ஊசி நூலால் தைத்து வைத்திருந்தீர்களே, அவற்றைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடலாம் என்று அப்பாவிடம் சொன்னவளும் நான்தான். "கொலை செய்தவன் யார் என்று தெரிந்துவிட்ட கதையை இரண்டாம் முறை எதற்குப் படிக்கிறீர்கள்?" என்று ஒருநாள் கேட்டேன். "அதைத் தெரிந்துகொள்ளவா படிக்கிறேன்? அந்தப் பெண்ணுக்கு நெஞ்சு எப்படி அடித்துக்கொண்டது என்று பார்க்கத்தான் படிக்கிறேன்" என்றீர்கள். அப்போது அது வெறும் சமாளிப்பாகத் தோன்றியது. நீங்கள் சொன்னது முழு உண்மை என்பது இந்தக் குளிர்காலத்தில்தான் எனக்கு விளங்கியது.

இங்கே டிசம்பரில் நாலேகால் மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் எண்பது வயதைக் கடந்த ஓர் அம்மையார் இருக்கிறார். கண்ணின் நடுப்பார்வை போய்விட்டதால் அவரால் எழுத்துக் கூட்டிப் படிக்க முடிவதில்லை. அட்டை நைந்த ஒரு புத்தகத்தை என் கையில் கொடுத்து, என் பணி நேரம் முடிந்தபின் நாளுக்குப் பத்துப் பக்கம் வாசித்துக் காட்ட முடியுமா என்று கேட்டார். டாஃப்னி டு மாரியே எழுதி 1938இல் வெளிவந்த 'ரெபெக்கா' என்னும் நாவல் அது. மர்மக் கதை என்றதும் தயங்கினேன். முதியவர் வாய்விட்டுக் கேட்கிறாரே என்பதற்காகவே ஒப்புக்கொண்டேன். ஒரு வாரம்கூட ஆகவில்லை, பத்துப் பக்கம் முடிந்தும் நிறுத்த மனம் வராமல் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு மழையில் நடந்தே அறைக்கு வந்தேன். அந்த அம்மையாருக்கோ கதை முழுவதும் மனப்பாடம். இருந்தும், பயம் வரும் இடம் நெருங்க நெருங்கப் போர்வையின் ஓரத்தை இறுகப் பிடித்துக்கொள்வார். உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன்.

கதை சொல்பவள் வயதில் மிகவும் இளையவள், தாய் தந்தை இல்லாதவள். ஒரு பணக்கார அமெரிக்கச் சீமாட்டிக்குச் சம்பளத்துக்குத் துணையாக மான்டி கார்லோவுக்குப் போன இடத்தில், மனைவியை இழந்த மாக்சிம் டி வின்டர் என்பவரைச் சந்திக்கிறாள். சில நாட்களிலேயே அவரை மணந்துகொண்டு, கார்ன்வால் கடற்கரையில் உள்ள மான்டர்லி என்னும் அவருடைய மாளிகைக்கு வந்து சேர்கிறாள். முதல் மனைவி ரெபெக்கா படகில் போனபோது கடலில் மூழ்கி இறந்துவிட்டாள் என்று ஊர் சொல்கிறது. ரெபெக்கா ஓரிடத்தில்கூட உயிரோடு நம் முன் வருவதில்லை. ஆனால் அவள் எழுதிய மேசை இருக்கிறது. அவள் வகுத்த சாப்பாட்டு முறை இருக்கிறது. இரவல் வாங்கிப் போட்ட மழைக்கோட்டின் பையில் அவள் பெயரெழுத்துகளைத் தைத்த கைக்குட்டை கிடக்கிறது. அவளுடைய அறையைத் தூசி தட்டி அப்படியே காத்து வரும் டான்வர்ஸ் என்ற நிர்வாகி அம்மாள் இருக்கிறார். புதிதாக வந்தவளுக்கு நாவலின் கடைசி வரை பெயரே சொல்லப்படுவதில்லை. செத்தவளுக்குப் பெயர் இருக்கிறது, உயிரோடு இருப்பவளுக்கு இல்லை!

இதில் கத்தியும் ரத்தமும் கொண்டு பயமுறுத்துவதில்லை. ஒரு காலையில் அந்தப் பெண் ரெபெக்காவின் மேசையருகே தனியாக இருக்கும்போது தொலைபேசி மணி அடிக்கிறது. எடுத்தால், "திருமதி டி வின்டரா?" என்று ஒரு குரல் கேட்கிறது. அவள் பதறிப்போய், அவர் இறந்து ஓர் ஆண்டுக்கு மேலாகிறது என்று பதில் சொல்லிவிடுகிறாள். மறுமுனையில் இருந்தவர் டான்வர்ஸ் அம்மாள், கேட்டது இவளைத்தான். தன்னையே இறந்தவள் என்று தன் வாயாலேயே சொல்லும் அந்த இடத்தை வாசித்தபோது என் குரல் தடுமாறியது. இன்னோர் இடத்தில், பீங்கானால் ஆன சிறு மன்மதன் பொம்மையைத் தவறி உடைத்துவிட்டு, துண்டுகளை மேசையின் இழுப்பறைக்குள் ஒளித்து வைக்கிறாள். அந்த வீட்டுக்கே எஜமானி, வேலைக்குப் புதிதாக வந்த சிறுமியைப் போல ஒளிக்கிறாள்! பிறகு பழி ஒரு வேலையாள் மேல் விழுகிறது. வெட்கத்தோடு அவள் உண்மையைச் சொல்ல வேண்டியதாகிறது.

அம்மா, இதுவரை உங்களிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். இங்கே வந்த முதல் மாதத்தில் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு பீங்கான் சர்க்கரைக் கிண்ணத்தை உடைத்தேன். யாரிடமும் சொல்லாமல் செய்தித்தாளில் சுற்றிப் பையில் போட்டு, ஊருக்குள் ஒரு குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டேன். யாரும் என்னைத் திட்டியிருக்கப் போவதில்லை. அந்தக் கிண்ணத்தைப் பற்றி இன்றுவரை எவரும் கேட்கவும் இல்லை. ஆனாலும், எனக்கு முன்பு இங்கே வேலை பார்த்த நர்ஸைப் பற்றி, அவர் கை எவ்வளவு பதமானது என்று முதியவர்கள் பேசும்போதெல்லாம், அதை எனக்காகவே சொல்கிறார்கள் என்று எண்ணி இரண்டு வாரம் தூங்காமல் கிடந்தேன். பிறர் பேசாததையெல்லாம் பேசியதாகக் கற்பனை செய்துகொண்டு, அந்தக் கற்பனைக்கே பயப்படும் மனத்தை, இருட்டில் கயிற்றைக் கண்டு பாம்பென்று நடுங்கும் அந்த மனத்தை, இவ்வளவு நுட்பமாக எழுதியவரை நான் இதற்கு முன் படித்ததில்லை.

டு மாரியே இந்த நாவலைத் தொடங்கியது எகிப்தில். அவருடைய கணவர் ராணுவ அதிகாரி. அலெக்சாந்திரியாவுக்கு மாற்றலாகி இவரையும் அழைத்துப் போயிருந்தார். அங்கே வெயில் தாங்காமல், கார்ன்வாலின் மழையையும் கடலையும் எண்ணி ஏங்கியபடி, முப்பது வயதில் எழுத உட்கார்ந்தார். முதலில் எழுதியது பிடிக்காமல் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி தொடங்கினார். மான்டர்லி இனித் திரும்ப முடியாத வீடு என்பதை முதல் அதிகாரத்திலேயே, அதுவும் ஒரு கனவின் வழியாக, நமக்குச் சொல்லிவிடுகிறார். வீடு போய்விட்டது என்று தெரிந்துகொண்டே படிக்கிறோம்; அப்படியும் படபடப்பு குறைவதில்லை. ஊரை விட்டுத் தொலைவில் இருப்பவளுக்கு வரும் கனவு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நம் வீட்டு வாசற்படி வரை வந்து, கதவு திறப்பதற்குள் விழித்துக்கொள்ளும் கனவுகள் எனக்கும் வருகின்றன.

அவர் மனத்தில் இருந்த வீடு இங்கிருந்து சில மைல் தூரத்தில்தான் இருக்கிறது. மெனபிலி என்று பெயர். பாழடைந்து கிடந்த அதை வாடகைக்கு எடுத்து, 1943 முதல் 1969 வரை அதில் வாழ்ந்தார். வேறொரு குடும்பத்துக்குச் சொந்தமானது என்பதால் உள்ளே போய்ப் பார்க்க வழியில்லை. சென்ற வாரம் விடுமுறையில், 'ஃபாய்' என்று இங்குள்ளவர்கள் உச்சரிக்கும் ஃபோவே ஊரிலிருந்து கடலோரப் பாதையில் நடந்தேன். மெனபிலிக்குக் கீழே இருக்கும் சிறு விரிகுடாவில் தண்ணீரை ஒட்டி ஒற்றை வீடொன்று நிற்கிறது. மேலே, மாலுமிகளுக்கு அடையாளமாக 1832இல் கட்டிய, 84 அடி உயரத்தில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டிய கோபுரம். மரங்களுக்கு அப்பால் மாளிகை கண்ணில் படவில்லை. படாததே நல்லது என்று தோன்றியது.

நாவலில் ஓரிடம் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. திருமணத்துக்கு முன்பே, ஒரு கவிதைப் புத்தகத்தில் ரெபெக்கா தன் கையால் எழுதிய தன் பெயரைக் கதை சொல்லும் பெண் பார்க்கிறாள். மற்ற எழுத்துகளைக் குள்ளமாக்கிக்கொண்டு முதல் எழுத்து மட்டும் உயர்ந்து சாய்ந்து நிற்கிறது. அதை வாசித்ததும் நம் வீட்டுப் பித்தளை அண்டா நினைவுக்கு வந்தது. பெரியம்மாவின் சீர்ப் பாத்திரங்கள் எல்லாவற்றிலும் அவர் பெயர் வெட்டியிருக்கும் அல்லவா? நீங்கள் அந்த வீட்டுக்கு இரண்டாம் தாரமாக வந்தபோது உங்களுக்குப் பத்தொன்பது வயது. வெள்ளிக்கிழமைதோறும் புளி போட்டு அந்தப் பாத்திரங்களை நீங்கள்தான் தேய்த்தீர்கள். தேய்க்கத் தேய்க்க அந்தப் பெயர்தான் பளிச்சென்று தெரியும். அப்பத்தா உங்களிடம் பாசமாகத்தான் இருந்தார்கள். டான்வர்ஸ் அம்மாளோடு அவர்களை நான் ஒப்பிடவே மாட்டேன். ஆனால் "அவள் இருந்தபோது" என்று அவர்கள் பேச்சைத் தொடங்கும்போது நீங்கள் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவீர்கள். சிறுமியாக இருந்தபோது அதைப் பார்த்திருக்கிறேன். இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூடக் காரணம் கேட்டதில்லை.

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் இதைப் படமாக எடுத்து, 1940ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருது அதற்குக் கிடைத்தது. நம் செங்கல்பட்டில் பிறந்த வஹீதா ரஹ்மான் நடித்து 1964இல் வந்த 'கோஹ்ரா' என்ற இந்திப் படமும் இந்தக் கதையைத் தழுவியதுதான். எதையும் இப்போது பார்த்துவிடாதீர்கள். முதல் இரண்டு அதிகாரங்களைத் தமிழில் எழுதி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மாதம் இரண்டு அதிகாரமாவது அனுப்புவேன். முடிவைக் கைப்பேசியில் தேடிச் சொல்லும்படி அண்ணனிடம் கேட்க வேண்டாம்.

மொழிபெயர்க்கும்போது ஒரு சிக்கல் வந்தது. மான்டர்லியின் வேலையாட்கள் அந்தப் பெண்ணை 'மேடம்' என்று அழைக்கிறார்கள். எஜமானி, வீட்டம்மா என்று எதைப் போட்டாலும் பொருந்தவில்லை. நம் வீட்டு வேலைக்கு வந்தவர்கள் பெரியம்மாவை எப்படிக் கூப்பிட்டார்கள், வந்த புதிதில் உங்களை எப்படிக் கூப்பிட்டார்கள் என்று எழுதி அனுப்புங்கள். அந்தச் சொல்லையே எழுத விரும்புகிறேன்.

அப்பாவுக்கு என் வணக்கங்கள்.

அன்பு மகள்