புறாமலைக்குப் படகேறுமுன் கண்ணாடியைச் சோதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாமலைத் தீவில் முருகைக்கற்கள் (பவளப்பாறைகள்) அழிகின்றன என்ற பேச்சு எழும்போதெல்லாம் பழி பிளாஸ்டிக் போத்தலுக்கே போகிறது. போத்தலையாவது பொறுக்கிவிடலாம். ஆழமில்லாத தண்ணீரில் முருகைமேல் ஏறி நிற்கும் கால்கள் செய்யும் சேதத்துக்கு அப்படி உடனடி மாற்று இல்லை. கிளைவிடும் முருகை நன்றாக வளர்ந்தாலே ஆண்டுக்குப் பத்து சென்ரிமீற்றர் அளவுதான். உருண்டை வகை ஒரு சென்ரிமீற்றரை ஒட்டியே வளரும். 1998இல் கடல் சூடேறி ஹிக்கடுவைப் பக்கத்து முருகைகள் வெளுத்துச் செத்தபோது திருகோணமலைப் பக்கம் பெரும்பாலும் தப்பியது. தப்பியதை நாமே மிதிக்கிறோம்.

வேண்டுமென்று யாரும் மிதிப்பதில்லை. சுழியோடும் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்ததும் திணறி, கால் தானாக அடியைத் தேடுகிறது. ஆகவே சோதனை கரையிலேயே நடக்கவேண்டும். பட்டியை மாட்டாமல் கண்ணாடியை முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல உள்ளிழுங்கள். கையை எடுத்தும் விழாவிட்டால் அளவு சரி. விளிம்புக்கடியில் தலைமுடி அகப்பட்டால் ஒழுகும். அடர்ந்த மீசை இருந்தால் கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும். அதற்காகப் பட்டியை இறுக்காதீர்கள், விளிம்பு மடிந்து இன்னும் கூடும். ஆவி படியாதிருக்க உட்புறம் எச்சில் தடவி அலசினால் போதும். பிறகு இடுப்பளவுத் தண்ணீரில், மணல்மேல், முகத்தைத் தாழ்த்தி மூச்சுக்குழாய் வழியே வாயால் மூச்சுவிட்டுப் பழகுங்கள். கால் மணிநேர வேலை.

நீந்தத் தெரிந்தவரும் உயிர்காப்பு அங்கி போடுவது நல்லது. குப்புற மிதக்கலாம், நிற்கத் தோன்றாது. காலில் மாட்டும் துடுப்பு புதியவர்களுக்கு வேண்டாம். நிமிர்ந்தபடி உதைத்தால் நுனி பட்டு முருகை முறியும், கிளம்பும் மணலும் அதன்மேல் படியும். செட்டை நுனி கறுத்த சுறாவைக் கண்டால் துரத்தாதீர்கள். அது கடிக்கும் என்பதற்காக அல்ல, துரத்துபவர் எங்கே உதைக்கிறோம் என்று பார்ப்பதில்லை. வெயிலுக்குக் களிம்பு பூசுவதைவிட நீளக்கைச் சட்டை மேல்.

2003இல் தேசியப் பூங்காவான இடம் இது. அனுமதிச்சீட்டுக் கொடுக்கும்போதே இந்தச் சோதனையையும் செய்வித்தால் வனஜீவராசிகள் திணைக்களத்துக்குப் பெரிய செலவில்லை. மணல் வழியாக இறங்கும் இடத்தைப் படகோட்டிகள் காட்டிவிடட்டும். சிறுவர்களுக்குப் பெரியவர்களின் கண்ணாடி பொருந்தாது. வாடகைக்குக் கொடுப்பவர்கள் சின்ன அளவிலும் நாலைந்து வைத்திருக்கவேண்டும்.

வாசகர் ஒருவர்,
திருகோணமலை